மூன்று துண்டு மெத்தை

முருகன் துணை

அம்பத்தூர்
12-6-1974

தங்கச்சி லோகநாயகிக்கு அக்கா அங்கம்மா எழுதுகிற சந்தோஷக் காகிதம். இதைப் படித்துச் சொல்கிற ராமனுக்கும், பக்கத்தில் நின்று கேட்கிற மருமகள் பேபிக்கும் என் ஆசீர்வாதம்.

முதலில் பிள்ளைகள் சேதி. பெரியவன் அய்யாசாமியின் மகள் சாமுண்டீஸ்வரி பதினொன்றாவது பாஸ். அறுநூறுக்கு நானூற்று முப்பத்தொன்று. கணக்கில் மட்டும் எண்பத்தெட்டு. வீட்டில் யார் சொல்லிக்கொடுத்தது என்று ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா கேட்டாராம். "எங்க ஆயா" என்றாளாம். ஆயா படித்தது ஐந்தாவது என்று அந்தம்மாவுக்குத் தெரியாது, நாமும் சொல்ல வேண்டாம். அவள் அண்ணன் சின்னப்பையன் ஐடிஐயில் பிட்டர் முடித்து ஆவடி டேங்க் பேக்டரியில் அப்ரண்டிஸ் ஆகிவிட்டான். காக்கிச் சட்டையை நானே கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுக்கிறேன். தெருவில் அவன் நடந்தால் சத்தம் கேட்கிறது. சின்னவன் வேம்புலியின் மகன் அப்பாவுவுக்கு நான்கு வயது முடியவில்லை, நூறு வரைக்கும் எண்ணுகிறான். அறுபத்தொன்பதுக்குப் பிறகு எண்பது என்பான், அது போகட்டும்.

இனி உன் சேதிக்கு வருகிறேன். வேம்புலி இங்கே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நட்டு போல்ட்டு கம்பெனியில் வேன் ஓட்டுகிறான் அல்லவா. வருகிற பொங்கலுக்குக் கம்பெனி ஒரு வாரம் மூடுகிறார்கள். "ஊட்ல பெரியவங்களை இட்டுகினு எங்கனா போய்ட்டு வாடா" என்று முதலாளியே வேனைத் தருகிறார். நெய்வேலிக்கு வந்து உன்னை ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், மதுரை, திருச்செந்தூர், கன்யாகுமரி. நான், நீ, வேம்புலி பெண்டாட்டி ராஜம்மா, குழந்தை அப்பாவு. ஆறு ராத்திரி. பொங்கல் கூட்டத்தில் சத்திரம் கிடைக்காது, கிடைத்தாலும் மூட்டைப்பூச்சி. பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு வேனுக்குள்ளேயே படுப்போம், வேம்புலி முன்சீட்டில். கூடப் பிறந்த ஆறு பேரில் மிஞ்சியது நாம் இரண்டு பேர். கடலைச் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று சின்ன வயதில் பேசியதை நான் மறக்கவில்லை.

வேன் தரை வெறும் தகரம். எதில் படுத்தால் உனக்குச் சுகம் என்று எழுதச் சொல். இப்போதிருந்து தேடினால்தான் ஆகும். உன் கால்வலி எப்படி இருக்கிறது?

அங்கம்மா

நெய்வேலி
3-7-1974

அக்காவுக்கு லோகநாயகி சொல்ல, மகன் ராமன் எழுதுவது. நாங்கள் மூவரும் சுகம். அங்கே பெரியவர் சின்னவர் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும்.

சாமுண்டீஸ்வரிக்கு என் முத்தம். சின்னப்பையனுக்குச் சுற்றிப் போடு, ஊர்க்கண் பொல்லாதது. கால்வலி இல்லை. நீ படித்தாய், நான் மாடு ஓட்டினேன், அதனால்தான் ஒரு காகிதத்துக்கு ராமன் ஷிப்டு முடிந்து வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது.

வேன் யோசனை நல்லதுதான். எனக்கு ஒரு கோரைப்பாய் போதும். மெத்தை ஒன்றும் வேண்டாம். (இதை அம்மா மூன்று முறை சொல்லிவிட்டாள் பெரியம்மா. ராமன்.) பாய் இருந்தால் வருகிறேன், பார்க்கலாம்.

பேபி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

லோகநாயகி

அம்பத்தூர்
15-7-1974

பாய்க்காரி லோகநாயகிக்கு அக்கா எழுதுவது. எனக்குப் பல்லைத் தவிர எல்லாம் சௌக்கியம். நீ நன்றாகச் சாப்பிடுகிறாயா?

உன் பாய் யோசனையை வேம்புலி சோதித்துப் பார்த்தான். அவன் சிநேகிதன் வண்டி ஓட்ட, இவன் பின்னால் தகரத்தில் கோரைப்பாய் விரித்துப் படுத்துக்கொண்டு ஓ.டி. பஸ் ஸ்டாண்டிலிருந்து பாடி ஊர் வரைக்கும் போய் வந்தான். திரும்பி வந்து சட்டையைக் கழற்றினால் முதுகு முழுக்க வரி.

"இன்னாடா இது, பனியன் போட்ட மாதிரி கீது?" என்றேன்.

"சித்தியாண்ட சொல்லு. பாய்ல வந்தா கன்யாகுமரி போய்ச் சேர்றது சித்தி இல்ல, எலும்புதான்" என்றான். ராஜம்மா அன்றைக்குச் சோறு போடும்போதெல்லாம் அவன் முதுகைப் பார்த்துச் சிரித்தாள்.

ஆகையால் பாய் இல்லை என்று ஆகிவிட்டது. பாடியில் ஒரு கடையில் ரப்பர் பஞ்சு மெத்தை வந்திருக்கிறது. நான் உட்கார்ந்து பார்த்தேன். உள்ளே போய், திரும்ப எழுப்பி விடுகிறது. எழுந்து நின்று மறுபடி உட்கார்ந்தேன். கடைக்காரன், "ஆயா, வாங்குனா ஊட்டுக்குப் போய் ஆடலாம்" என்றான். இரண்டு அங்குலம், நான்கு அங்குலம் என்று இரண்டு கனம் இருக்கிறது. நான்கு வாங்கினால் ராணி மாதிரிப் படுப்பாய். சரி என்று ஒரு வரி எழுதச் சொல்.

அங்கம்மா

நெய்வேலி
30-8-1974

அக்காவுக்கு லோகநாயகி. இவ்வளவு நாள் கழித்து எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. ராமனுக்கு ராத்திரி ஷிப்டு. எல்லாரும் நலம்.

ரப்பர் பஞ்சு எனக்கு ஆகாது. சூடு. அந்த வாசனைக்குத் தலை வலிக்கும். அதோடு அதில் தண்ணீர் பட்டால் உள்ளே குடித்துக்கொள்ளும், மூன்று நாள் வெயிலில் போட்டாலும் காயாதாம். பக்கத்து வீட்டில் சொன்னார்கள். (எந்தப் பக்கத்து வீடு என்று தெரியவில்லை, இங்கே யாரிடமும் ரப்பர் மெத்தை இல்லை. ராமன்.)

எனக்காக நீ கடை கடையாக ஏறி இறங்க வேண்டாம். இந்தத் தடவை நீங்கள் போய் வாருங்கள். நான் அடுத்த தடவை வருகிறேன். அப்பாவுவை வண்டியில் சன்னல் ஓரம் விடாதே.

லோகநாயகி

அம்பத்தூர்
10-9-1974

லோகு, உன் அக்கா எழுதுகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது. மனசுதான் கொஞ்சம் சரியில்லை.

அடுத்த தடவை என்கிறாய். எனக்கு வயது அறுபத்திரண்டு. முதலாளி வேனை வருஷா வருஷம் தருவதாக எழுதிக் கொடுக்கவில்லை.

நேற்று பூந்தமல்லிக்குப் போனேன். அங்கே கலீல் ரகுமான் என்று மெத்தை தைக்கிறவர். அவர் சம்சாரம் ரசூல் பீவியும் கூடவே உட்கார்ந்து தைக்கிறாள். இலவம்பஞ்சு, பருத்தி, தேங்காய் நார் எல்லாம் மூட்டை மூட்டையாக இருக்கிறது. டாக்டர் மாதிரிக் கேள்வி கேட்கிறார் அந்த மனுஷர். "படுக்குறவங்க ஒருக்களிச்சுப் படுப்பாங்களா, மல்லாந்தா? இடுப்பு வலி கீதா, தோள் வலியா? எடை இன்னா இருக்கும்?" உன் எடை எனக்கெப்படித் தெரியும்? ஒரு மூட்டை அரிசிக்குக் கொஞ்சம் கம்மி என்றேன். இலவம்பஞ்சில் செய்யலாம், சூடே ஏறாது, சுருட்டினால் கக்கத்தில் அடங்கும் என்றார். வேனுக்குள் அளந்து கயிறு கொண்டுவரச் சொன்னார்.

இதற்கும் வேண்டாம் என்று எழுதினால் நான் ஒன்று கேட்பேன். மெத்தை மேல் கோபமா, என் மேலா? காகிதத்துக்குக் காகிதம் பேரப்பிள்ளைகள் பெருமையே எழுதுகிறேன். எழுதும்போது சந்தோஷமாக இருக்கிறது. பெட்டியில் போட்ட பிறகுதான், உன் வீட்டில் இதைக் கேட்கிறவர்கள் மனசு எப்படி இருக்கும் என்று நினைப்பு வருகிறது. அப்படி ஏதாவது இருந்தால் பட்டென்று சொல்லிவிடு. மெத்தையைச் சாக்கு வைக்காதே.

அங்கம்மா

நெய்வேலி
20-11-1974

அக்காவுக்கு, சுகம். தீபாவளி நல்லபடியாகப் போயிற்று.

உன் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. சத்தியம். ஆனால் நான் வரவில்லை. மெத்தைக்கு இனி அலையாதே. வேறொன்றும் எழுத இல்லை.

லோகநாயகி

பெரியம்மா, அம்மா எழுந்து உள்ளே போன பிறகு ராமன் எழுதுகிறேன். நீங்கள் செப்டம்பரில் போட்ட காகிதத்துக்குப் பதில் எழுதலாம் என்று வாரா வாரம் கேட்டேன், நாளைக்கு என்றாள். அம்மா இரண்டு வருஷமாக எந்த ஊருக்கும் போய் ஒரு ராத்திரி தங்கியதில்லை. பேபியின் தங்கை கல்யாணத்துக்கும் தாலி கட்டியதும் கடைசி பஸ்ஸில் திரும்பிவிட்டாள். போன வருஷம் அவளுடைய மெத்தையைப் பிரித்துப் பஞ்சைக் குப்பையில் கொட்டிவிட்டாள். மூட்டைப்பூச்சி என்றாள். என் கண்ணுக்கு ஒரு பூச்சி தென்படவில்லை. அதிலிருந்து பாயில்தான் படுக்கிறாள். அந்தப் பாயையும் தினமும் அவளே கழுவுகிறாள், பேபியைத் தொட விடுவதில்லை. மனசு ஏதாவது ஆகிவிட்டதோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. இதை நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

அம்பத்தூர்
27-11-1974

மருமகள் பேபிக்குப் பெரியத்தை அங்கம்மா எழுதுவது. நீ சௌக்கியமா? தபால்காரர் பதினொரு மணிக்கு வருவார், ராமன் சுரங்கத்தில் இருப்பான் என்று கணக்குப் பண்ணித்தான் உன் பேருக்கு ஒட்டின கவரில் போடுகிறேன். படித்ததும் அடுப்பில் வை. ராமனுக்கும் காட்டாதே, உன் அத்தைக்கும் காட்டாதே.

மெத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரத்தான் பூந்தமல்லிக்குப் போனேன். கலீல் ரகுமான் கடையில் இல்லை. ரசூல் பீவி மட்டும் பழைய மெத்தை ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, அளவு கயிறு எங்கே?" என்றாள்.

"அளவும் வேணாம், மெத்தையும் வேணாம். எந்தங்கச்சி வரமாட்டாளாம். மொதல்ல பாய் போதும்னா. அப்பால ரப்பர் ஆகாது, தண்ணி குடிக்கும்னா. இப்போ ஒண்ணுமே வேணான்றா. ஊட்ல இருந்த மெத்தையைக்கூடக் குப்பைல கொட்டிட்டாளாம். பாயைத் தெனம் அவளே கழுவுறாளாம். அவ புள்ளை புத்தி பேதலிச்சுப் போச்சோன்னு பயப்படுறான்."

பீவி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "வயசு இன்னா?"

"அம்பத்தேழு."

"எத்தினி பெத்தாங்க?"

"அஞ்சு. நின்னது ஒண்ணு."

"அக்கா, முப்பது வருசமா நான் பழைய மெத்தை பிரிக்கிறேன். மேல் துணியக் கிழிச்சாப் போதும், அந்த ஊட்ல யாருக்கு இன்னா ஒடம்புன்னு தெரிஞ்சுடும். நம்ப வயசுப் பொம்பளைங்க பாதிப் பேரு மெத்தை நடுவுல மஞ்சளாத்தான் கெடக்கும். புரண்டா, இருமினா, தூக்கத்துல ஒண்ணுக்குப் போய்டும். அடக்கவும் முடியாது, யாராண்டயும் சொல்லவும் முடியாது. அவுங்கதான் பாயைக் கேப்பாங்க. பாய்னா கழுவி மாட்டிடலாம். புத்தில ஒண்ணும் இல்ல, போ."

"இருக்காதும்மா, எங்கிட்ட சொல்லியிருப்பாளே" என்றேன்.

"எப்படிச் சொல்வாங்க? லெட்டரு யார் எழுதுறது?"

"அவ புள்ளை."

"நல்லாக் கீது! பெத்த புள்ளையாண்ட, எழுதுடா, உங்கம்மா பாயை நனைக்கிறான்னு சொல்வாங்களா?" என்று சிரித்தாள். பிறகு வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கே மூணு வருசமாக் கீது. எங்க ஊட்டுக்காரருக்கே தெரியாது. எனக்கு நானே ஒரு மெத்தை தச்சுக்கினேன், வந்து பாரு" என்று உள்ளே கூட்டிப் போனாள்.

அந்த மெத்தையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பேபி, நீ ஒரே வீட்டில் இருக்கிறவள். பீவி சொல்வது உண்மையா? இல்லை, நான் முன்பு கேட்டது போல என் பெருமைப் பேச்சுதான் காரணமா? எதுவானாலும் மறைக்காமல் எழுது. உன் அத்தை வராவிட்டால் நானும் போவதாக இல்லை. வேம்புலியிடம் இன்னும் சொல்லவில்லை.

பெரியத்தை
அங்கம்மா

நெய்வேலி
5-12-1974

மரியாதைக்குரிய பெரியத்தைக்குப் பேபி எழுதியது. நான் சுகம். என் பேருக்கென்று வந்த முதல் தபால் இதுதான். தபால்காரர் இரண்டு முறை பெயரைக் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். எட்டாவது வரை படித்திருக்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அந்த அம்மா சொன்னது உண்மைதான். எனக்கு ஒரு வருஷமாகத் தெரியும். நாங்கள் எழுந்திருப்பதற்குள் அத்தை துவைத்துக் கொடியில் போட்டுவிடுவார்கள். பகலில் தொல்லை அவ்வளவு இல்லை. நான் தெரிந்த மாதிரி காட்டிக்கொண்டால் வெட்கத்தில் எங்காவது போய்விடுவார்களோ என்று வாயைத் திறக்கவில்லை. துவைக்கிற கல்லில் சோப்பு தீரும் சமயத்தில் புதுக் கட்டி ஒன்றை வைத்துவிடுவேன். அவர்களும் யார் வைத்தது என்று கேட்டதில்லை. இவரிடம் சொன்னால் அம்மாவை உடனே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடுவார், தெருவுக்கே தெரிந்துவிடும்.

உங்கள் பெருமைப் பேச்சைப் பற்றிக் கேட்டீர்கள். எங்களுக்குக் குழந்தை இல்லாதது எனக்கு வருத்தம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சாமுண்டீஸ்வரியின் மார்க்கை அத்தை இந்தத் தெருவில் சொல்லாத வீடு கிடையாது. காய்கறிக்காரியிடம் நானூற்று முப்பத்தொன்று என்று சொல்ல, அவள் கத்தரிக்காய் விலையோ என்று பயந்துவிட்டாள். நீங்கள் எழுதுவதை நிறுத்தினால்தான் அத்தைக்குக் கஷ்டம்.

இங்கே வியாழக்கிழமைகளில் ஒரு லேடி டாக்டர் வருகிறார். இதற்கு வைத்தியம் உண்டு என்று கேள்விப்பட்டேன். ஆனால் நான் எப்படி ஆரம்பிப்பது? நீங்கள் கூடப் பிறந்தவர்கள். உங்களிடம் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் மற்றது தானாக நடக்கும். எப்படியாவது அத்தையை அந்த வேனில் ஏற்றிவிடுங்கள்.

பேபி

அம்பத்தூர்
12-12-1974

லோகநாயகிக்கு அக்கா அங்கம்மா. ராமா, இதை நிறுத்தி நிதானமாகப் படி, உன் அம்மா காதில் ஒரு வார்த்தையும் தப்பக் கூடாது. இங்கே நாங்கள் நலம், மழைதான் ஓயவில்லை.

அந்த மழையால்தான் இந்தக் காகிதம். வேன் கூரை ஒழுகுகிறது. போதாததற்கு அப்பாவு வண்டி ஏறினால் வாந்தி எடுக்கிறான். எடுத்தால் யார் மேல் என்று பார்க்க மாட்டான். பஞ்சு மெத்தை ஈரமானால் பயணமே நாறிவிடும். இதை ரசூல் பீவியிடம் சொன்னேன். அவள் ஒரு மெத்தை காட்டினாள். அவளும் அதில்தான் படுக்கிறாளாம், அவளுக்கும் நம் வயதுதான். அதே மாதிரி மூன்று செய்யச் சொல்லிவிட்டேன். உனக்கு, எனக்கு, ராஜம்மாவுக்கு.

கேட்டுக்கொள். ஒரு மெத்தை மூன்று துண்டு. தலைக்கு ஒன்று, நடுவில் ஒன்று, காலுக்கு ஒன்று. நாடாவால் ஒன்றோடொன்று கட்டிக்கொள்ள வேண்டியது. தலைக்கும் காலுக்கும் இலவம்பஞ்சு. நடுத்துண்டில் மட்டும் தட்டி மெத்தென்று ஆக்கிய தேங்காய் நார், கழுவி நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் வடிந்துவிடும். அதன் மேல், பிள்ளை பெற்ற வீட்டில் விரிக்கிற ரப்பர் ஷீட்டை உள்ளேயே வைத்துத் தைக்கிறாள், வெளியே தெரியாது, புரண்டால் சத்தமும் வராது. அதற்கு மேல் பருத்தி உறை, பொத்தான் வைத்தது. ஆளுக்கு ஐந்து உறை. மூன்று மெத்தைக்கும் ஒரே நீலக்கோடு துணி, எது யாருடையது என்று தைத்தவளுக்கே தெரியாது. நான் கடையில் அரைமணி படுத்துப் பார்த்தேன், தூங்கியே போய்விட்டேன். கலீல் ரகுமான் எழுப்பவில்லையாம், வருகிற ஆளிடம் எல்லாம் "பாருங்க, இதான் நம்ம சரக்கு" என்று என்னைக் காட்டியிருக்கிறார்.

இன்னும் ஒன்று. காலையில் வேம்புலி அப்பாவுவைத் தூக்கிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவான், ஒரு மணி நேரம் திரும்ப மாட்டான், உத்தரவு போட்டுவிட்டேன். ஆற்றங்கரை, குளத்தங்கரை பார்த்துத்தான் வண்டி நிற்கும். மூன்று பேர் உறையும் மூன்று பேரும் சேர்ந்து அலசி வேன் மேல் காயப்போடுவோம். ஈரமாகாவிட்டாலும் அலசுவோம். அது என் உத்தரவு. ஏன் எதற்கு என்று யாரும் யாரையும் கேட்கப் போவதில்லை.

லோகு, எனக்கு எல்லாம் தெரியும், அப்பாவுவின் வாந்தி எப்படிப்பட்டது என்று. அதற்கு யாரும் முகம் சுளிக்க மாட்டோம்.

ஜனவரி பதினோராம் தேதி விடியற்காலை வண்டி உன் வாசலில் நிற்கும்.

அங்கம்மா

நெய்வேலி
24-12-1974

அக்காவுக்கு லோகநாயகி சொல்ல ராமன் எழுதுவது. எல்லாரும் சுகம். நீ மழையில் நனையாதே.

மெத்தை விவரத்தை ராமனை இரண்டு முறை படிக்கச் சொன்னேன். (நான்கு முறை. ராமன்.) அப்பாவுவின் வாந்திக்காக நீ இவ்வளவு யோசித்திருக்கிறாய். குழந்தை பாவம், அவனுக்கு எத்தனை நாளாக அந்தக் கஷ்டமோ, யாரிடம் சொல்வான்?

வருகிறேன் அக்கா. ரசூல் பீவி அம்மாவுக்கு என் கும்பிடு சொல். அவர்கள் கைக்கு ஒரு குறையும் வரக் கூடாது. ஐந்து உறை போதுமா, இன்னும் ஒன்று சேர்த்துத் தைக்கச் சொல்லலாமா? வழிக்கு நான் புளிச்சோறு கட்டிக்கொண்டு வருகிறேன். நீ கட்டாதே, உனக்கு உப்பு போடத் தெரியாது.

லோகநாயகி

பெரியம்மா, என்ன மாயம் செய்தீர்களோ, பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கச் சொல்லித் துடைத்துக்கொண்டிருக்கிறாள். பேபி காரணமில்லாமல் சிரிக்கிறாள். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். கூரை ஒழுகினால் மேலே தார் பூசினால் முடிந்தது. அதற்கு ரப்பர், நார், ஐந்து உறை என்று எதற்கு இவ்வளவு? வேம்புலி அண்ணனிடம் கேட்டுச் சொல்லவும்.

ராமன்

அம்பத்தூர்
20-3-1975

என் லோகுவுக்கு அக்கா எழுதுவது. இப்போதெல்லாம் பேபிதான் உனக்குப் படிக்கிறாள் என்பதால் கையை வீசி எழுதுகிறேன். நான் நலம், இரண்டு பல் எடுத்தாயிற்று, பேச்சு குறையவில்லை.

ராமன் கேட்டதற்கு வேம்புலி பதில் போட்டானாம், தார் பூசினால் முதலாளி கோபிப்பார் என்று. அவனுக்கும் ஒன்றும் தெரியாது, சொன்னதைச் செய்கிறான். அவன் அப்பாவும் அப்படித்தான், நிம்மதியான மனுஷர்.

லேடி டாக்டர் உனக்கு உள்ளே சின்ன வளையம் ஒன்று வைத்தார், பதினைந்து நாளாகப் படுக்கை நனையவில்லை என்று பேபி எழுதியதைப் படித்து, அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியாமல் நின்றுவிட்டேன். ஐந்து பிரசவத்தில் கர்ப்பப்பை இறங்கிப் போயிருந்ததாம், அவ்வளவுதானாம். அதற்காகவா இரண்டு வருஷம் வீட்டோடு கிடந்தாய்! டாக்டர் உன்னைத் திட்டினாராமே, நல்லது, என் பங்கையும் சேர்த்துத் திட்டியிருப்பார்.

திருச்சி தாண்டி அந்த வாய்க்கால் கரையில் முதல் விடியலை நான் நினைத்துக்கொள்ளாத நாள் இல்லை. நீ எல்லாருக்கும் முன்னால் எழுந்து உறையைச் சுருட்டி முந்தானையில் மறைத்துக்கொண்டு இறங்கினாய். நான் என் உறையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தேன்.

"உன்து காஞ்சுதானே கீது, எதுக்கு எடுத்தாந்தே?" என்று கேட்டாய்.

"அலசலாம்னு."

"யக்கா, உனக்குத் தெரியுமா?"

"தெரியும்டி."

"எல்லாமா?"

"எல்லாந்தான்."

தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்து நீ அழுத அழுகையில் வாய்க்காலே ஏறியிருக்கும். ராஜம்மா தூக்கக் கலக்கத்தில் தன் உறையோடு வந்து, "இன்னா சித்தி, சோப்பு கண்ல பட்டுச்சா?" என்று கேட்டதும்தான் நீ சிரித்தாய். அவளிடமும் நீயே சொன்னாய். நான் சொல்லச் சொல்லவில்லை. அதன் பிறகு கன்யாகுமரி வரை நீ தூங்கிய தூக்கம் இருக்கிறதே! மதுரையில் உன்னை எழுப்புவதற்குள் கோயில் நடை சாத்திவிட்டார்கள்.

ரசூல் பீவியிடம் வளையச் சேதியைச் சொன்னேன். அவளும் பூந்தமல்லியில் ஒரு லேடி டாக்டரைப் பார்க்கப் போகிறாள், நான் துணைக்குப் போகிறேன். உன் மெத்தையைத் திருப்பிக் கொடுக்கவா என்று கேட்டிருந்தாய். கொடுக்காதே. வளையம் இருந்தாலும் மெத்தை மெத்தைதான். உன் இடுப்புக்கு அது ஒத்துக்கொண்டது.

பேபி இன்னொன்றும் எழுதினாள். போன வாரம் அவளோடு சினிமாவுக்குப் போய் மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாயாம். படம் எப்படி என்று கேட்டதற்கு, "நாற்காலி நல்லாருந்தது" என்றாயாம். இதைச் சாமுண்டீஸ்வரிக்குப் படித்துக் காட்டினேன். "சின்ன ஆயா எப்படி இருப்பாங்க, நான் பார்த்து எத்தினி வருசமாச்சு, ஒரு போட்டோகூட இல்லியே" என்கிறாள். உண்மைதான். உன் படம் என்று இந்த வீட்டில் இருப்பது உன் கல்யாணத்தில் எடுத்தது, அதிலும் பாதி முகத்தை மாலை மறைக்கிறது. எனக்கு இப்போதைய முகம் வேண்டும். நெய்வேலியில் ஸ்டூடியோ இருக்கும். பேபியை அழைத்துக்கொண்டு போ. அரக்குப் புடவை கட்டிக்கொள். அங்கே மெத்தை வைத்த நாற்காலி போட்டிருப்பார்கள். அதன் ஓரத்தில் ஒண்டாமல், நன்றாகச் சாய்ந்து, முழுசாக உட்கார்ந்து ஒரு புதுப் படம் எடுத்து, அட்டை வைத்துக் கட்டித் தபாலில் அனுப்பி வை.

உன் அக்கா
அங்கம்மா